தையற்சிட்டுக்கு உருவம் தந்த பெருங்கலைஞர்
உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரியின் வாழ்வும் பணியும்

எழுத்தறியாத குழந்தையும் படத்தைப் படிக்கும். அகரத்தைக் கற்குமுன்பே ஆனையின் படத்தைக் கண்டு கைகொட்டி மகிழும். நூலிற் சொல்லப்பட்ட கதை ஒரு நாள் மறந்து போகலாம்; அந்நூலிற் கண்ட படம் முதுமை வரையிலும் நெஞ்சைவிட்டு அகலுவதில்லை. அம்புலிமாமா இதழை மடியில் வைத்துக்கொண்டு வளர்ந்த நம் மூத்த உறுப்பினர்களைக் கேட்டால் இவ்வுண்மை விளங்கும். வேதாளத்தைத் தோளிற் சுமந்து, உருவிய வாளுடன் சுடுகாட்டு வழியே நடந்துவரும் விக்கிரமனை அவர்கள் இன்றும் கண்முன் காண்பார்கள். அந்த உருவத்தை வரைந்து தந்தவர் சங்கர் (1924–2020) என்னும் தமிழ் ஓவியர் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? கதைமாந்தரை நாம் அறிவோம். அவர்களுக்கு முகம் கொடுத்தவரை அறியோம். உழைப்பின் பயன் ஊருக்குத் தெரிய, உழைத்தவர் பெயர் மறைந்துபோவது நம் மக்களுக்குப் புதிய செய்தியன்று.

இந்தியக் குழந்தைகளுக்கெனப் படமும் கதையும் ஒருசேரப் படைத்து, அப்படங்கள் பழுதின்றி அச்சேற வேண்டும் என்பதற்காகவே தம் வாழ்வின் பெரும்பகுதியை ஒப்படைத்த ஒருவரின் வரலாற்றை இவ்வெள்ளிவிழா மலரில் சொல்லத் துணிந்தோம். அவர் வங்கத்தைச் சேர்ந்த உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாழும் நம் இளைஞர்களுக்கும் கல்கத்தாவில் வாழ்ந்த அப்பெரியவருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். அத்தொடர்பு இக்கட்டுரையின் போக்கிற் புலனாகும்.

பிறப்பும் இளமையும்

இன்றைய வங்காள தேசத்தில், அந்நாளில் மைமன்சிங் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மசூவா என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் 1863ஆம் ஆண்டு மே திங்களில் உபேந்திரகிஷோர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காமதாரஞ்சன் என்பதாகும். தந்தையார் காளிநாத் ராய் வடமொழி, அரபு, பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் வல்லவர். சியாமசுந்தர் முன்ஷி என்னும் பெயரால் ஊரார் அவரை அறிந்திருந்தனர். கல்வியே செல்வம் என்ற நிலையில் அமைந்த குடும்பம் அது.

சிறுவனுக்கு ஐந்து அகவை ஆனபோது அவன் வாழ்வில் ஒரு மாற்றம் நேர்ந்தது. உறவினரும் நிலக்கிழாருமான ஹரிகிஷோர் ராய் சௌத்ரி அவனைத் தத்தெடுத்துக்கொண்டார். பெயரும் மாறியது, காமதாரஞ்சன் உபேந்திரகிஷோர் ஆனான். செல்வர் வீட்டு வாழ்வு கிட்டிற்று. இதனை நாம் மறைக்கப் போவதில்லை. அவர் வறுமையில் உழன்றவரல்லர், சேரியிற் பிறந்தவருமல்லர். வாய்ப்பு அவருக்கு வாய்த்தது. வாய்த்த வாய்ப்பை எதற்குப் பயன்படுத்தினார் என்பதே நாம் கருத வேண்டியது.

மைமன்சிங் ஜில்லா பள்ளியில் படித்த காலத்திலேயே படம் வரைவதில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. வயலினும் வாசிப்பார். கல்கத்தா சென்று மாநிலக் கல்லூரியிற் சேர்ந்த அவர், 1884இல் மெட்ரோபாலிடன் கல்லூரியிலிருந்து பி.ஏ. பட்டம் பெற்றார்.

சாதியை மறுத்த இல்லம்

கல்கத்தா வாழ்க்கை அவருடைய எண்ணத்தை மாற்றியது. அக்காலத்தில் உருவ வழிபாட்டையும் சாதி வேற்றுமையையும் ஏற்காத பிரம்ம சமாஜம் படித்த இளைஞர்களை ஈர்த்து வந்தது. உபேந்திரகிஷோரும் அதனுட் சேர்ந்தார். பழைய ஆசாரங்களிற் பிடிப்புள்ள வளர்ப்புத் தந்தைக்கு இது உவப்பாக இல்லை. ஆயினும் இளைஞர் தம் கொள்கையினின்று பின்வாங்கவில்லை.

துவாரகாநாத் கங்குலியின் மூத்த மகள் விதுமுகியை அவர் மணந்தார். துவாரகாநாத் யார் என்பதை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும். பெண்கல்விக்காகப் போராடியவர் அவர். அசாம் தேயிலைத் தோட்டங்களிற் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட ஏழை மக்கள் படும் துன்பத்தை நேரிற் கண்டறிந்து இதழ்களில் எழுதி வெளியிட்டவரும் அவரே. ஏமாற்றி ஒப்பந்தம் செய்யப்பெற்றுக் கப்பலேறி அயல்நாட்டுத் தோட்டங்களுக்குச் சென்று மடிந்த நம் முன்னோரை நினைக்கும்போது, அசாமின் கதை நம் கதையாகவே தோன்றுகிறது.

துவாரகாநாத்தின் இரண்டாம் மனைவி காதம்பினி கங்குலி. 1883இல் சந்திரமுகி பாசுவுடன் இந்நாட்டின் முதற் பெண் பட்டதாரியரானவர். பின்னர் மருத்துவமும் கற்று நோயாளர்க்குப் பணிபுரிந்தவர். இத்தகைய குடும்பத்தினருடன் கல்கத்தா கார்ன்வாலிஸ் தெருவின் 13ஆம் எண் வீட்டில் உபேந்திரகிஷோர் வாழ்ந்தார். பெண் படிப்பதும், ஏழைக்காக எழுதுவதும், சாதியைக் கேளாது ஒருவரோடொருவர் பழகுவதும் அவ்வீட்டில் அன்றாட வழக்கங்களாக இருந்தன. குழந்தைகளுக்கு எழுத வந்த ஒருவருக்கு இதனினும் நல்ல பள்ளி வேறெங்குக் கிடைக்கும்?

சிதைந்த படமும் சினந்த உள்ளமும்

கல்லூரி மாணவராக இருந்தபோதே சிறுவர் இதழ்களில் எழுதத் தொடங்கிய உபேந்திரகிஷோர், பின்னர்ச் சிறுவர்க்கென இராமாயணத்தை எளிய வங்க நடையில் எழுதிப் படங்களும் வரைந்தார். இதிகாசங்களை நாம் எவ்வாறு மதிப்பிடுகிறோம் என்பது வேறு. அதனை இங்கு ஆராய வேண்டுவதில்லை. நாம் நோக்க வேண்டியது அந்நூல் அச்சானபோது நேர்ந்ததையே.

அந்நாளில் ஓவியர் தாளில் வரைந்த படத்தை அச்சேற்ற வேண்டுமானால், செதுக்குபவர் ஒருவர் அதனை மரக்கட்டையில் மீண்டும் வெட்டியெடுக்க வேண்டும். செதுக்குபவர் கை எப்படியோ படமும் அப்படியே. மெல்லிய நிழல் தடித்த கோடாகும். குழைந்த முகம் கட்டைமுகம் ஆகும். உபேந்திரகிஷோரின் படங்களும் அவ்வாறே சிதைந்து வெளிவந்தன. தாம் வரைந்தவை இவைதாமா என்று ஐயுறும் நிலையில் அவர் மனம் வருந்தினார்.

இத்துன்பம் அவர் ஒருவர்க்கே உரியதன்று. உலகப் புகழ்பெற்ற ஆலிஸ் என்னும் சிறுமியின் உருவத்தை வரைந்தவர் இங்கிலாந்து நாட்டு ஜான் டென்னியல் (1820–1914). இளமையில் வாட்பயிற்சியின்போது நேர்ந்த காயத்தால் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். எஞ்சிய ஒரு கண்ணைக் கொண்டே பெரும்புகழ் ஈட்டியவர். 1865இல் ஆலிஸ் நூலின் முதற் பதிப்பு அச்சானபோது படங்கள் பதிந்த விதம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. அவர் மனக்குறையைக் கேட்டு, அச்சிட்ட 2,000 படிகளையும் நூலாசிரியர் திரும்பப் பெற்று மீண்டும் அச்சிடச் செய்தார். டென்னியலுக்குக் கைகொடுக்கத் தேர்ந்த செதுக்குநர்களும் வளமிக்க பதிப்பகமும் அருகில் இருந்தன. கல்கத்தாவில் உபேந்திரகிஷோருக்கு அவ்வசதி ஏது?

நம் சங்கத்துக்கும் இவ்வனுபவம் உண்டு. சங்கம் தொடங்கிய ஆண்டில் முதல் அறிக்கையை அச்சிட்டோம். முகப்பில் அண்ணல் அம்பேத்கரின் படம். அச்சாகி வந்த தாள்களைப் பிரித்துப் பார்த்தபோது அண்ணலின் திருவுருவம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கருமைத் திட்டே இருந்தது. மூக்குக் கண்ணாடியின் வட்டம் மட்டும் தெரிந்தது. மலிவு விலைக்கு அச்சிட்டால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அச்சகத்தார் எங்களை அனுப்பிவிட்டனர். மறுபடி அச்சிடப் பொருளின்றி அவற்றையே ஊர் ஊராகக் கொடுத்தோம். நம்மிடம் அன்று வருத்தம் இருந்தது. அத்தொழிலைப் பற்றிய அறிவு இல்லை.

தாமே கற்ற தொழில்

உபேந்திரகிஷோர் வருத்தத்தோடு நின்றாரல்லர். மேனாட்டில் அப்போது பரவிவந்த ஆஃப்டோன் என்னும் புள்ளி அச்சுமுறையைக் கற்கத் தலைப்பட்டார். கற்பிக்க ஆசிரியர் இலர். பார்க்கப் பட்டறை இல்லை. நூல்களே ஆசிரியர். 1895இல் இலண்டன் நகரத்துப் பென்ரோஸ் நிறுவனத்திடமிருந்து படக்கருவியும் பிற தளவாடங்களும் தருவித்து வீட்டிலேயே தொழிலைத் தொடங்கினார். அதுவே யு. ராய் என்னும் நிறுவனம், பின்னாளில் யு. ராய் அண்டு சன்ஸ் என விரிந்தது.

அம்முறையின் இயல்பை இளைஞர்களுக்காகச் சிறிது விளக்குவோம். அச்சு இயந்திரத்துக்குக் கறுப்பு மையைப் பூசவோ பூசாமல் விடவோ மட்டுமே தெரியும். சாம்பல் நிறம் என்பது அதற்குத் தெரியாது. ஆதலின் நிழலும் ஒளியும் கலந்த படத்தை அதற்கு விளங்கும்படி மாற்ற வேண்டும். நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் கோடிட்ட கண்ணாடித் திரை ஒன்றைப் படக்கருவியினுள் வைத்து மூலப்படத்தைப் படம் பிடிப்பர். அத்திரை படத்தைச் சிறு சிறு புள்ளிகளாக உடைத்துவிடும். இருண்ட இடத்திற் புள்ளிகள் பருத்து நெருங்கும். ஒளிமிக்க இடத்திற் சிறுத்து விலகும். ஒளிபட்டால் இறுகும் பசை பூசிய செப்புத் தகட்டிலோ துத்தநாகத் தகட்டிலோ இதனைப் பதித்து அமிலத்திலிட்டால், புள்ளிகள் மேடாக நிற்க ஏனைய பகுதி அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். மேட்டில் மை ஒட்டும், தாளிற் பதியும். தொலைவிலிருந்து காணும் கண்ணுக்குப் புள்ளிகள் தெரியா, முகமே தெரியும். நம் மூத்தோர் பிளாக் என்று வழங்கிய அச்சுக்கட்டை இதுவே.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றினும் செய்வதற்கு அரிது. திரைக்கும் தகட்டுக்கும் இடையே எத்துணை இடைவெளி இருக்க வேண்டும்? ஒளி நுழையும் துளை எவ்வடிவில், எவ்வளவில் அமைய வேண்டும்? மேனாட்டுத் தொழிலாளர் பலரும் பழக்கத்தாலும் ஊகத்தாலும் செய்துவந்த இதனை உபேந்திரகிஷோர் கணக்கியல் வழியில் ஆராய்ந்தார். ஒளி எவ்வாறு பரவுகிறது, புள்ளி எவ்வாறு உருவாகிறது என்பதற்கு விதி கண்டார். கோடுகள் 60 பாகைக் கோணத்தில் வெட்டிக்கொள்ளும் திரையைப் பற்றியும் ஆய்ந்தார். தம் முடிவுகளைப் பென்ரோஸ் ஆண்டு மலருக்கு எழுதியனுப்ப, 1897 முதல் அடுத்த 15 ஆண்டுகளில் அவருடைய கட்டுரைகள் பல அம்மலரில் வெளியாயின. அச்சுக்கலையின் தாயகமென மதிக்கப்பட்ட ஐரோப்பா, கடல் கடந்து சென்றறியாத ஓர் இந்தியரின் எழுத்தைப் படித்துக் கற்றது.

ஆண்டவர்க்கு அடிமை நாடு தொழில் கற்பிக்க இயலாதென்று எண்ணியிருந்த காலம் அது. இன்ன குலத்தாருக்கு இன்ன தொழில்தான் வருமென்று நம்மை நோக்கிச் சொன்னவர்களின் எண்ணமும் அதே வகையைச் சேர்ந்ததே. இரண்டையும் உடைக்க வல்லது ஒன்றே. அது செய்து காட்டுவது.

தையற்சிட்டும் பறவையின் பாடமும்

தொழில் கைவந்தபின் கலை தழைத்தது. பண்டைக்கால விலங்குகளைப் பற்றிச் சிறுவர்க்கு அறிவியல் நூலொன்றை 1903இல் வெளியிட்டார். 1910இல் துன்துனியின் புத்தகம் என்னும் கதைத் தொகுதி வெளிவந்தது. கிழக்கு வங்கத்துச் சிற்றூர்களில் மாலைவேளைகளில் உணவு சமைத்து முடியுமுன் உறங்கிவிடாதிருக்கக் குழந்தைகளுக்குப் பெண்கள் சொல்லிவந்த கதைகள் அவை. ஏட்டிலேறாத அக்கதைகளைத் திரட்டி, எளிய பேச்சுநடையில் எழுதி, படங்களையும் தாமே வரைந்தார். வங்கக் குழந்தைகள் நூறாண்டுக்கு மேலாகக் கைவிடாத கதைமாந்தராகத் துன்துனி நிலைத்துவிட்டது.

துன்துனி என்பது வேறன்று. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் நம் தையற்சிட்டே. திண்டிவனத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கொல்லைப்புறச் செடிகளிலும் இதனைக் காணலாம். கட்டைவிரலளவே உடல்; ஊரையே எழுப்பும் குரல்.

அந்நூலிலுள்ள கதையொன்று பின்வருமாறு. ஒரு வீட்டுக் கொல்லையில் நின்ற கத்தரிச்செடியில் துன்துனி கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. குஞ்சுகளுக்குச் சிறகு முளைக்கவில்லை. அவ்வீட்டுப் பூனை அவற்றைத் தின்ன எண்ணி நாள்தோறும் செடியடியில் வந்து நிற்கும். துன்துனி தலைதாழ்த்தி அதனை மகாராணி என்று வணங்கும். பூனை மகிழ்ந்து போய்விடும். நாட்கள் சென்றன. குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்தது. பறக்க முடியுமா என்று தாய் வினவ, அவையும் பறந்து பக்கத்து மரத்திற் சென்று அமர்ந்தன. மறுநாள் பூனை வந்தபோது துன்துனி வணங்கவில்லை. காலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பறந்து போயிற்று. பாய்ந்த பூனைக்குக் கத்தரிமுள் குத்தியதே மிச்சம்.

இக்கதையை விழுப்புரத்தில் நம் மாலைநேர வகுப்பில் ஒருமுறை சொன்னோம். பிள்ளைகள் நகைத்தனர். பின்வரிசையில் பேத்தியை அழைத்துச் செல்ல வந்து அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் நகைக்கவில்லை. தம் கணவர் துண்டை இடுப்பிற் கட்டிக்கொண்டு ஆண்டை வீட்டு வாயிலில் நின்ற காலத்தை அவர் மெல்ல எடுத்துரைத்தார். மகன் பள்ளியிறுதி வகுப்புத் தேறிய ஆண்டிலேதான் அத்துண்டு தோளுக்கு ஏறிற்றாம். பிள்ளைகள் சிரிப்படங்கிக் கேட்டனர். ஒரு வங்கப் பறவையின் கதை நம் தெருவின் கதையாக மாறியதை அன்று கண்டோம். நம் பாட்டன்மார் வணங்கியது கோழைமையால் அன்று; குஞ்சுகளுக்குச் சிறகு முளைக்கும் வரை பொறுத்த பொறுமையால் என்று உணர்ந்தோம். கல்வியே அச்சிறகு.

மற்றொரு கதையில் அரசனின் கருவூலத்துக் காசொன்று துன்துனிக்குக் கிடைக்கிறது. அரசனிடம் உள்ளது தன்னிடமும் உண்டென அது பாடித் திரிகிறது. பொறாத அரசன் காசைப் பறிக்கிறான். சிட்டின் காசைப் பறித்த அரசன் என்று அது பழித்துப் பாடுகிறது. திருப்பித் தருகிறான்; அஞ்சிவிட்டான் என்று பாடுகிறது. பிடித்துக் கொல்ல முயன்ற அரசன் முடிவில் தன் ஆளின் வாளாலேயே மூக்கறுபடுகிறான். ஆற்றல் மிக்கோர்க்குச் சிறியோரின் கையிலுள்ள ஒற்றைக் காசும் உறுத்துமென்பதை இதனினும் எளிமையாகச் சொல்ல இயலுமா?

ஊரால் விரட்டப்பட்ட இருவர்

1913இல் உபேந்திரகிஷோர் சந்தேஷ் என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். வங்கமொழியில் அச்சொல்லுக்குச் செய்தி என்றும் பொருள். ஓர் இனிப்புப் பண்டம் என்றும் பொருள். அறிவும் இன்பமும் ஒன்றாய் அமைந்த இதழுக்கு அப்பெயர் பொருந்திற்று. கதையும் அறிவியலும் வண்ணப்படமும் அதில் இடம்பெற்றன. எழுதியவரும் அவரே, வரைந்தவரும் அவரே, அச்சிட்டவரும் அவரே.

1915இல் அவ்விதழில் வெளிவந்த கூபி கைன் பாகா பைன் என்னும் கதை அவருடைய பெரும் படைப்புகளுள் ஒன்று. கூபி பாடுவான், பாகா மேளம் அடிப்பான். இருவர்க்கும் ஆர்வம் மிகுதி, தேர்ச்சி குறைவு. ஓசை பொறாத ஊரார் இருவரையும் துரத்துகின்றனர். காட்டிற் சந்தித்துக்கொண்ட அவ்விருவர்க்கும் பேய்கள் இரங்கி வரமளிக்கின்றன. அதன்பின் அவர்கள் இசையைக் கேட்டவர் அசையாது நிற்பர். ஊர் இகழ்ந்த ஓசை உலகை வென்றது.

பாகாவின் மேளத்தைக் கேட்கும்போது நமக்குப் பறையின் நினைவு வாராதிருக்குமா? பறையை இழிவென்று ஒதுக்கிய ஊரே இன்று அதனைக் கலைவிழா மேடைகளில் எழுந்து நின்று கேட்கிறது. பேய்கள் தந்த வரத்தால் நிகழ்ந்ததன்று இது. பறையை இழிவின் அடையாளமாகச் சுமக்க மறுத்தோரும், பின்னர் அதனைக் கலையாக மீட்டெடுத்தோரும் பாடுபட்டதனால் நிகழ்ந்தது.

மறைவும் வழித்தோன்றல்களும்

நீரிழிவு நோய் உபேந்திரகிஷோரை வாட்டியது. அக்காலத்தில் அந்நோய்க்கு இன்சுலின் மருந்து கண்டறியப்படவில்லை. 1915 டிசம்பர் 20ஆம் நாள், 52ஆம் அகவையில் அவர் மறைந்தார். தாம் எழுப்பிய கார்பார் சாலை அச்சகக் கட்டடம் ஓரிரு ஆண்டுகளே அவர் பயன்பாட்டில் இருந்தது.

ஆயினும் பணி நிற்கவில்லை. மூத்த மகள் சுகலதா ராவ் எழுத்தும் ஓவியமும் வல்லவரானார். மகன் சுகுமார் ராய் 1911இல் இங்கிலாந்து சென்று அச்சுத்தொழிலை முறையாகக் கற்றுத் திரும்பி, தந்தைக்குப்பின் சந்தேஷ் இதழை நடத்தினார். நகைச்சுவைப் பாடல்களுக்குத் தாமே படம் வரைந்து அழியாப் புகழ் பெற்றார். அவரும் 1923இல், 35ஆம் அகவையில், காலா அசார் காய்ச்சலால் மாண்டார். இரண்டு அகவைக் குழந்தையாகத் தந்தையை இழந்த பேரன் சத்யஜித் ராய், பின்னாளில் உலகறிந்த திரைப்பட மேதையானார். பாட்டனாரின் கூபி பாகா கதையை 1969இல் திரைப்படமாக்கினார். நின்றுபோயிருந்த சந்தேஷ் இதழை 1961இல் மீண்டும் தொடங்கினார். முகம் கண்டறியாத பாட்டனார் பேரனுக்கு விட்டுச் சென்ற சொத்து நிலமன்று. தொழிலறிவும் குழந்தைகள்பால் கொண்ட அன்புமே.

நாம் கொள்ள வேண்டியது

உபேந்திரகிஷோர் கல்கத்தாவில் அச்சுமுறையை ஆராய்ந்த அதே காலத்தில் நம் முன்னோரும் சென்னையில் அச்சு என்னும் கருவியைக் கையில் எடுத்தனர் என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது. திண்டிவனத்திலிருந்து சென்னை செல்லும் வழியில் உள்ள மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்திற் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் பறையன் என்னும் இதழைத் தொடங்கினார். இழிவாகச் சுமத்தப்பட்ட பெயரையே தலைப்பாக்கி நிமிர்ந்து நின்றார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கினார். நிலமும் இல்லை; இலண்டனிலிருந்து கருவி தருவிக்கப் பொருளும் இல்லை. ஆயினும் எழுதினர், அச்சிட்டனர், மக்களிடம் சேர்த்தனர்.

அவர்கள் வயதுவந்தோர்க்கு எழுதினர். அது காலத்தின் கட்டாயம். நம் குழந்தைகளுக்கு என்ற பகுதி இன்னும் நிரம்பாமலே இருக்கிறது. மாலைநேர வகுப்புப் பிள்ளைகளிடம் ஒருமுறை தாளும் வண்ணமும் தந்து, ஒரு வீட்டையும் ஒரு வீரனையும் வரையச் சொன்னோம். பெரும்பாலார் இரண்டு மலைகளுக்கிடையே சூரியன் உதிக்க, ஓடு வேய்ந்த அழகிய வீடொன்றை வரைந்தனர். வீரனுக்குச் சிவந்த நிறமும் மணிமுடியும் தந்தனர். தாம் வாழும் தெருவையோ, கரும்பு வெட்டும் தந்தையையோ, நடவு நடும் தாயையோ ஒருவரும் வரையவில்லை. தாம் கண்ட நூல்களில் தம்மைப் போன்றவர் எவரையும் அவர்கள் கண்டதில்லை. ஆதலின் தாம் படத்துக்குரியவர் என்ற எண்ணமே அவர்களுக்குத் தோன்றவில்லை. இக்குறை அமிலமின்றியே நெஞ்சை அரிக்கும் குறை.

பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. கரித்துண்டால் சுவரில் வரையும் பிள்ளையை அடிக்காதீர்கள். படம் வரைந்தால் சோறு கிடைக்குமா என்று கேட்பது நம் வறுமை, நாம் அன்று. ஓவியமும் அச்சும் நூலாக்கமும் கௌரவமான தொழில்கள். கணிப்பொறியிலேயே படம் வரைந்து, பக்கம் அமைத்து, அச்சுக்கு அனுப்பும் காலம் இது. உபேந்திரகிஷோர் இருட்டறையில் பல்லாண்டு பட்ட பாட்டின் பயனை இன்று ஓர் எளிய கருவி தருகிறது. அதைக் கற்பதற்கு நிலக்கிழார் வீட்டுத் தத்துப்பிள்ளையாக வேண்டுவதில்லை. அவருக்கிருந்த செல்வம் நமக்கில்லை. அவருக்கிருந்த விடாமுயற்சி நமக்கும் இயலும்.

ஆகவே இவ்வெள்ளிவிழாவின் நினைவாகச் செய்யத்தக்கதென ஒரு பணியை உறுப்பினர் முன் வைக்கின்றோம். நம் மூதாட்டியர் சொல்லும் கதைகளை அவர்கள் வாழும் காலத்திலேயே கேட்டு எழுதுவோம். நம் இளைஞர்களே அவற்றுக்குப் படம் வரையட்டும். நம் தெருவும், நம் பனைமரமும், நம் பறையும், நம் மக்களின் கருத்த முகமும் அப்படங்களில் மங்காமல் பதியட்டும். முதற் படி மாலைநேர வகுப்புப் பிள்ளைகளின் கையில் சேரட்டும். 25 ஆண்டுகளுக்கு முன் கருமைத் திட்டாகிப்போன அந்த ஒரு படத்துக்கு அதுவே நாம் செய்யும் ஈடாகும்.

கத்தரிச்செடியிற் கூடு கட்டிய சிட்டு தன் குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்ததைக் கண்டது. நம் குஞ்சுகளுக்கும் சிறகு முளைத்துக் கொண்டிருக்கிறது. அவர்கள் பறக்கும் வானத்தை அவர்களே வரைய, வண்ணக்கோலை நாம் கையில் கொடுப்போமாக.

வாழ்க கல்வி! வளர்க நம் சங்கம்!